இரவு எட்டு மணி மாத்திரை

கடந்த ஆண்டு சித்திரை மாதத்தில் விலங்குகள் காப்பகம் ஒன்றிலிருந்து எங்களுக்கு ஓர் அழைப்பு வந்தது. தெருவிலிருந்து மீட்கப்பட்ட ஒரு பெண் நாய். ஏறத்தாழ இரண்டு வயது. வலிப்பு நோய் உண்டு. நிரந்தர வீடு அமையும் வரை, ஆறு வாரங்களுக்கு வைத்துக்கொள்ள இயலுமா என்று கேட்டார்கள். எங்கள் இல்லத்தில் ஒருவர் நரம்பியல் மருத்துவர், மற்றவர் மயக்கவியல் மருத்துவர். "உங்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயமா, டாக்டர்?" என்றார் அழைத்த தன்னார்வலர். எங்களுக்கும் அப்போது அவ்வாறே தோன்றியது.

அதற்குச் சுண்டல் என்று காப்பகத்தில் பெயர் வைத்திருந்தார்கள். குட்டிப் பருவத்தில் டிஸ்டெம்பர் நோய் கண்டு பிழைத்தது. தட்டம்மை வைரஸுக்கு நெருங்கிய உறவான ஒரு வைரஸால் நாய்களுக்கு வரும் நோய் அது. மனிதருக்கு நோய் உண்டாக்குவதில்லை. பிழைத்த நாய்கள் சிலவற்றின் மூளையில் அது தழும்பை விட்டுச் செல்கிறது. சுண்டலின் இடது நெற்றியும் முன்னங்காலும் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும்; உறக்கத்திலும் நிற்காது. இரவில் கூடத்து விளக்கை அணைத்த பின், தரையில் அதன் நகம் மெல்லத் தட்டும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தெருவில் ஒரு நாய் வலிப்பு வந்து துடிப்பதைக் கண்டால் வெறுங்கையால் தொட வேண்டாம், வெறிநோயாகவும் இருக்கலாம். கடித்தாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ, ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடங்கள் கழுவி, அன்றே தடுப்பூசிக்கு வர வேண்டும். சுண்டலைக் காப்பகத்தில் போதிய நாள்கள் கண்காணித்து, தடுப்பூசி போட்ட பின்னரே எங்களிடம் அனுப்பினார்கள். நாங்களும் முன்கூட்டியே ஊசி போட்டுக்கொண்டோம்.

முதல் வலிப்பு ஐந்தாம் நாள் விடியற்காலையில் வந்தது. எத்தனையோ வலிப்புகளை வார்டில் நின்று பார்த்தவர்கள் நாங்கள். ஆயினும் எங்கள் சமையலறைத் தரையில், சிறுநீரில் நனைந்து, வாயில் நுரை தள்ளத் துடித்த அந்த உயிரின் முன் கைகால் ஓடவில்லை. பத்து நிமிடம் கடந்துவிட்டதாகவே எண்ணினோம். கடிகாரமோ ஒரு நிமிடம் நாற்பது வினாடி என்றது. "அரை மணி நேரம் வலிப்பு இருந்தது, டாக்டர்" என்று கூறும் குடும்பத்தாரை இதுகாறும் சற்றே ஐயத்துடன் நோக்கியிருக்கிறோம். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு மாமி சாவிக்கொத்துடன் ஓடிவந்தார். அவரது அன்பில் குறை காண இயலாது. ஆனால் இரும்பால் வலிப்பு நிற்பதில்லை. அது தானாகவே அடங்கும் நேரத்தில் சாவி கையில் இருப்பதால் அப்புகழ் சாவிக்குச் சேர்கிறது. மனிதரோ நாயோ, வாய்க்குள் எதையும் நுழைக்கக் கூடாது. மோதக்கூடிய பொருள்களை அகற்றிவிட்டு மணியைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைக் கடந்தால் அவசர சிகிச்சை தேவை. நோயாளி மனிதரானால், துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். சுண்டல் எழுந்து, கண் தெரியாததுபோல் சுவரில் முட்டி முட்டி நடந்தது. அரை மணி கழித்துப் பெரும்பசியுடன் தட்டைத் தேடிற்று.

கால்நடை மருத்துவர் எழுதித் தந்த மருந்து பீனோபார்பிட்டல். 1912ஆம் ஆண்டு முதல் மனிதருக்கு வலிப்பு மருந்தாகப் பயன்பட்டு வருவது. எங்களுக்கு மிகப் பழகிய பெயர். (பெயர் ஒன்றானாலும் அளவு வேறு, வீட்டிலுள்ளவரின் மாத்திரையை நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள்.) நாய்க்குப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இருவேளை கொடுக்க வேண்டும். காலை எட்டு, இரவு எட்டு என்று வகுத்துக்கொண்டோம். மருந்தினால் தாகமும் பசியும் மிகுந்தன. நள்ளிரவிலும் மூன்று மணிக்கும் வெளியே அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் வாரத்தில் நாங்கள் இருவரும் காரணமின்றி ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டிருந்தோம்.

அந்த வாரச் சனிக்கிழமை காஞ்சிபுரத்தில் உறவினர் திருமணம். இரவு வரவேற்பு முடிந்து திரும்ப நேரமாயிற்று. வீட்டிலேயே தங்கியிருந்த மகள் மாத்திரை கொடுத்திருப்பாள் என்று எங்களுள் ஒருவர் எண்ணினார். கிளம்பும் முன்பே மற்றவர் கொடுத்திருப்பார் என்று இன்னொருவர் எண்ணினார். ஞாயிறு காலையும் அதே கதை. ஞாயிறு இரவு சுண்டலுக்கு அடுத்தடுத்து மூன்று முறை வலிப்பு வந்தது. மூன்றாவது, ஐந்து நிமிடத்தைத் தாண்டியது. மூக்கில் தெளிக்கக் கால்நடை மருத்துவர் முன்பே தந்திருந்த மிடசோலத்தைச் செலுத்திய பின்னரே அடங்கிற்று. மாத்திரை அட்டையைக் கையில் எடுத்த மகள், "அம்மா, ரெண்டு மாத்திரை கூடுதலா இருக்கே" என்றாள்.

வலிப்பு மருந்தைத் திடீரென விட்டால் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும் என்பதைப் புறநோயாளர் பிரிவில் நாள்தோறும் சொல்பவர்கள் நாங்கள். "ஏன் விட்டீர்கள்?" என்று குரலை உயர்த்தியும் கேட்டிருக்கிறோம். இப்போது அவ்வாறு கேட்பதில்லை. "உங்கள் வீட்டில் மாத்திரை கொடுப்பவர் யார்? அவர் ஊருக்குப் போனால் யார்?" என்று கேட்கிறோம். பல வீடுகளில் இரண்டாம் கேள்விக்கு விடையே இருப்பதில்லை. எங்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் நாள்காட்டித் தாள் ஒன்று ஒட்டப்பட்டது. கொடுத்தவர் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இல்லையேல் கொடுக்கப்படவில்லை.

ஆறு வாரம் ஐந்து மாதமாயிற்று. தத்தெடுக்க வந்த இரு குடும்பங்கள் வலிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் பின்வாங்கின. அடுத்த விளம்பரத்தில் அதை எழுதாமல் விடலாம், பழகிய பின் சொல்லிக்கொள்ளலாம் என்றார் தன்னார்வலர். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எங்களால் ஒப்ப இயலவில்லை. மகளின் வலிப்பை மறைத்துத் திருமணம் முடித்து, மாத்திரையையும் மறைத்து விழுங்க நேர்ந்து, ஒருவேளை தவறி, புகுந்த வீட்டில் விழுந்த பெண்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். இந்து திருமணச் சட்டத்தில் தடையாக எழுதப்பட்டிருந்த வலிப்பு நோய் 1999ஆம் ஆண்டே நீக்கப்பட்டுவிட்டது. நம் அச்சம்தான் இன்னும் நீங்கவில்லை. முதல் வரியிலேயே எழுதினோம்.

புரட்டாசியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். சுண்டலின் துடிக்கும் காலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை எத்தனை மணிக்கு?" என்பது. அவருடைய மனைவிக்கும் காலை எட்டு மணிக்கு மாத்திரை உண்டாம். நாள்காட்டித் தாளைக் கதவிலிருந்து பிரித்து, வலிப்புக் குறிப்பேட்டுடன் அவரிடம் தந்தோம். கடைசி நான்கு வாரங்களில் ஒரே ஒரு வலிப்பு. ஒரு நிமிடம் பத்து வினாடி. அன்று இரவு எட்டு மணிக்கு எங்கள் கைப்பேசியில் நினைவூட்டல் ஒலித்தது. அணைக்கும் முன்பே ஆசிரியரிடமிருந்து செய்தி வந்திருந்தது: "கொடுத்தாயிற்று."