பெட்டிச் சாவி யார் கையில்?

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, வாப்பாவின் பழைய பாஸ்போர்ட், எங்களுடைய பள்ளிச் சான்றிதழ்கள் ஆகிய அனைத்தும் அதற்குள்தான் அடங்கியிருந்தன. அதன் சாவி உம்மாவின் முந்தானை முடிச்சில் இருக்கும். வாப்பா கடல் கடந்து பொருளீட்டிய ஆண்டுகளில், அந்தச் சாவியை உம்மா எவரிடமும் கொடுத்ததில்லை.

இன்று அந்தப் பெட்டி நம் கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. ஆனால் சாவி? "தம்பி, இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்" என்று கூறி, கைப்பேசியையும் இரகசிய எண்ணையும் சேர்த்தே பிறரிடம் நீட்டிவிடுகிறோம். அன்பு வாசகர்களே, குறிப்பாகக் கணவரை அயல்நாட்டிற்கு அனுப்பிவிட்டுக் குடும்பப் பொறுப்பைத் தனித்துச் சுமக்கும் சகோதரிகளே! அன்றாட அலுவல்களை எளிதாக்கும் இணைய வசதிகள் சிலவற்றை இங்கே எடுத்துரைக்கிறோம். இவற்றை உங்கள் கையாலேயே இயக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

சான்றிதழ்களுக்கு ஒரு பேழை

மத்திய அரசு 2015-ஆம் ஆண்டில் தொடங்கியது 'டிஜிலாக்கர்'. ஆதாருடன் இணைக்கப்பட்ட கைப்பேசி எண் இருந்தால் கட்டணமின்றிக் கணக்குத் தொடங்கலாம். ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவுச் சான்று, பான் அட்டை, பல கல்வி வாரியங்களின் மதிப்பெண் பட்டியல்கள் முதலியவற்றை அதில் பெறலாம்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். சான்றிதழை நாமே படம் பிடித்து ஏற்றி வைத்தால், அது வெறும் நகலே ஆகும். வழங்கிய துறையிடமிருந்து நேரடியாக வந்து சேரும் ஆவணம்தான் சட்டப்படி அசலுக்குச் சமமானது. எனவே 'வழங்கப்பட்ட ஆவணங்கள்' என்னும் பகுதியில் அது உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மனைக்கு ஒரு காவல்

அயல்நாட்டு உழைப்பில் வாங்கிய காலி மனை பல குடும்பங்களின் ஒரே சேமிப்பாக இருக்கிறது. அதை ஆண்டுக்கணக்கில் எட்டிப் பார்க்காமலும் இருந்து விடுகிறோம். தமிழக அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' என்னும் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்துப் பட்டாவைப் பார்வையிடலாம். பதிவுத்துறையின் தளத்தில் வில்லங்க விவரத்தையும் காணலாம். ஆண்டிற்கு ஒரு முறையேனும் பார்த்து வந்தால், நம் மனையின் மீது எவரேனும் ஏதேனும் பதிவு செய்திருக்கின்றனரா என்பது தெரிந்துவிடும். பத்திரத்திலுள்ள புல எண்ணை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டாலே இதில் பாதி வேலை முடிந்தது.

பணம் வருவதற்குப் பின் எண் எதற்கு?

2016-ஆம் ஆண்டில் அறிமுகமான 'யுபிஐ' முறையால், காய்கறிக் கடை முதல் பள்ளிக் கட்டணம் வரை கைப்பேசியிலேயே செலுத்துகிறோம். இதன் அருமையை நாம் அறிவோம். இதன் அடிப்படை விதியைத்தான் பலர் அறியவில்லை.

நம் உறவினர் வீட்டுச் சகோதரி ஒருவர், தமது பழைய தையல் இயந்திரத்தை விற்க இணையத்தில் விளம்பரம் செய்தார். வாங்குவதாகச் சொன்ன ஒருவன் கியூஆர் குறியீடு ஒன்றை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து உங்கள் பின் எண்ணைப் போடுங்கள், பணம் ஏறிவிடும்" என்றான். அவரும் அவ்வாறே செய்தார். அவருடைய கணக்கில் இருந்த 8,000 ரூபாய் போயிற்று. ரியாத்திலிருந்து கணவர் இரவில் அழைக்கும் வரை, எவரிடமும் சொல்ல அஞ்சிக் காத்திருந்தார்.

பணம் செலுத்துவதற்குத்தான் பின் எண் வேண்டும். பெறுவதற்கு வேண்டியதே இல்லை. இந்த ஒரு வரியை அவர் முன்பே அறிந்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டார். ஏமாந்த பின்பும் ஒரு வழி இருந்தது. 1930 என்னும் எண்ணை உடனே அழைத்திருந்தால், பணத்தை வங்கியிலேயே முடக்கி வைக்க வாய்ப்பு இருந்திருக்கும். இதில் ஒவ்வொரு நிமிடமும் விலை மதிப்புள்ளது. கணவரிடம் பிறகு சொல்லலாம்; முதலில் 1930-ஐ அழையுங்கள். ஏமாந்தவரைக் கடிந்துகொள்ளும் வீட்டில்தான் இத்தகைய செய்திகள் மறைக்கப்படுகின்றன என்பதை ஆண்களும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உங்கள் பெயரில் எத்தனை எண்கள்?

மத்திய தொலைத்தொடர்புத் துறை 2023-இல் தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' தளத்தில், உங்கள் பெயரில் எத்தனை சிம் இணைப்புகள் உள்ளன என்று பார்க்கலாம். உங்களுடையது அல்லாத எண் காணப்பட்டால் அங்கேயே தெரிவிக்கலாம். கைப்பேசி தொலைந்து போனால், காவல் நிலையத்தில் அளித்த புகாரின் நகலுடன் இதே தளத்தில் அதை முடக்கவும் வழியுண்டு. அதற்குக் கைப்பேசியின் 15 இலக்க ஐஎம்இஐ எண் தேவை. நட்சத்திரக் குறி, ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் அந்த எண் திரையில் தோன்றும். இன்றே எழுதி வையுங்கள். தொலைந்த பிறகு அழுத்திப் பார்க்க இயலாது.

எழுதத் தயங்குவோருக்கு

"எனக்கு இதிலெல்லாம் எழுத வராதே" என்பார்கள் மூத்தவர்கள். கைப்பேசியின் விசைப்பலகையிலுள்ள ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால், பேச்சு எழுத்தாகிவிடும். பிழைகள் நேரலாம், படித்துத் திருத்திக்கொண்டால் போதும்.

இளைய தலைமுறைக்கு ஒரு வார்த்தை. உம்மா ஏதேனும் கேட்டால், கைப்பேசியைப் பிடுங்கி இரண்டு நொடியில் செய்து கொடுத்து விடாதீர்கள். அருகில் அமருங்கள். அவர்கள் விரலே அழுத்தட்டும், தவறட்டும், மீண்டும் அழுத்தட்டும். பத்து நிமிடம் கூடுதலாகச் செலவாகும். ஆனால் மறுமுறை நீங்கள் ஊரில் இல்லாதபோது, அவர்கள் எவரிடமும் கைப்பேசியை நீட்ட வேண்டியிராது.

சாவி மீண்டும் உம்மாவின் முந்தானைக்கே வந்து சேரட்டும்.