பலூன் ஊதச் சொன்னால்: சாரதிமார் அறிய வேண்டிய சில விஷயங்கள்

தோட்டத்தில் இப்போது வாகனம் ஓட்டுகிறவர்கள் கூடிவிட்டார்கள். கொழுந்து லொறி, டிராக்டர், பஸ் என்று ஓட்டுகிறவர்களோடு, லீசிங்கில் ஆட்டோ எடுத்து ஓட்டும் இளைஞர்களும் ஒவ்வொரு டிவிஷனிலும் இருக்கிறார்கள். இவர்களில் யாராவது குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால், மறுநாள் காலையிலேயே வீட்டார் எங்களைத் தேடி வருவார்கள். "ஐயா, கொஞ்சம்தான் குடிச்சாராம், கேஸ் நிக்குமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதனால் இந்தச் சோதனை எப்படி நடக்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, நீதிமன்றத்தில் எந்த வாதம் எடுபடும், எது எடுபடாது என்பதை இந்த முறை விளக்க நினைத்தோம்.

மூச்சில் சாராயம் எப்படித் தெரிகிறது?

குடித்த சாராயம் வயிற்றிலும் குடலிலும் இருந்து இரத்தத்தில் கலக்கிறது. இரத்தம் நுரையீரலுக்குப் போகும்போது அதில் ஒரு சிறு பங்கு மூச்சோடு வெளியே வருகிறது. சுமார் 2100 மில்லிலீட்டர் மூச்சில் இருக்கும் சாராயமும் 1 மில்லிலீட்டர் இரத்தத்தில் இருக்கும் சாராயமும் ஏறக்குறைய ஒரே அளவு என்பது கணக்கு. ஆகவே மூச்சை அளந்தால் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று மதிப்பிடலாம்.

பழைய முறையில் ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு பையும் இருக்கும். குழாய்க்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு இரசாயனம் வைத்திருப்பார்கள். சாராயம் கலந்த மூச்சு பட்டால் அது பச்சையாக மாறும். நம் ஆட்கள் "பலூன் ஊதினேன்" என்று சொல்வது இதைத்தான். பிரித்தானியாவில் 1967இல் சட்டம் போட்டு இந்தக் குழாயையும் பையையும் வீதிக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே, 1954இல், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரொபர்ட் போர்க்கென்ஸ்டைன் என்பவர் மூச்சை அளந்து கணக்குக் காட்டும் கருவியைச் செய்திருந்தார். இப்போது கையில் பிடிக்கும் மின்கருவிகளும் வந்துவிட்டன. அவை இலக்கத்தையே காட்டும்.

வெற்றிலை போட்டால், வெங்காயம் மென்றால், கொய்யா இலை தின்றால், கோப்பி குடித்தால் கருவியை ஏமாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். இது வீண் பேச்சு. வாய் மணம் மறையலாம், ஆனால் சாராயம் வருவது நுரையீரலில் இருந்து. மூச்சை அடக்கி வைத்து ஊதினால் அளவு கூடத்தான் காட்டும், குறையாது.

எங்கள் சட்டம்

இலங்கையில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆவது பிரிவு இதைப் பற்றியது. 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 0.08 கிராம், அதாவது 80 மில்லிகிராம், அல்லது அதற்கு மேல் இருந்தால் குடித்திருப்பதாகக் கொள்ளப்படும். சந்தேகம் வந்தால் பொலிஸார் மூச்சுச் சோதனை செய்யலாம், அல்லது அரசாங்க வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சோதிக்கலாம்.

ஊத மறுத்தால் தப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மறுத்ததே அவருக்குப் பாதகமாக நிற்கும்.

இது வீதியிலேயே தண்டப்பணச் சீட்டு வாங்கி முடிக்கக்கூடிய குற்றம் இல்லை. நீதவான் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 2019இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு தண்டப்பணம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. 3 மாதம் வரை சிறையும், 12 மாதம் வரை லைசன்ஸ் நிறுத்தமும் கிடைக்கலாம். யாருக்காவது காயம் பட்டாலோ உயிர் போனாலோ தண்டனை இன்னும் பல மடங்கு கூடும். பெரும்பாலான இன்சூரன்ஸ் ஒப்பந்தங்களில், சாரதி குடித்திருந்தால் வாகனச் சேதத்துக்குப் பணம் தர மாட்டோம் என்ற நிபந்தனையும் இருக்கிறது.

"ராத்திரிதானே குடிச்சேன்"

நம் பகுதியில் அதிகம் பேர் மாட்டுவது இதில்தான். குடித்த சாராயத்தைக் கல்லீரல் மெதுவாகத்தான் கரைக்கும். ஒரு மணித்தியாலத்துக்கு 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் சுமார் 15 மில்லிகிராம் குறையும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் வித்தியாசப்படும். குளித்தாலும் தேநீர் குடித்தாலும் இந்த வேகம் கூடாது.

ஒரு கணக்குப் பார்ப்போம். சம்பள நாள் இரவு 10 மணிக்குக் குடியை நிறுத்தும்போது ஒருவருக்கு 200 மில்லிகிராம் இருக்கிறது என்று வைப்போம். விடிய 5 மணிக்கு லொறியை எடுக்கும்போது 7 மணித்தியாலம் ஆகியிருக்கும். 7 தரம் 15 என்றால் 105தான் குறைந்திருக்கும். இன்னும் 95 மிச்சம். தூங்கி எழும்பி, முகம் கழுவி, தெளிவாக இருப்பதாகவே அவர் நினைப்பார். ஆனால் சட்டப்படி அவர் எல்லை தாண்டியவர். வளைவில் பிரேக் போடவும் அவருடைய கால் பிந்தும்.

கசிப்பு குடிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கும் உதவாது. அதில் எவ்வளவு காரம் இருக்கிறது என்று காய்ச்சினவனுக்கே தெரியாது.

நீதிமன்றத்தில் எது எடுபடும்?

குற்றம் சாட்டப்பட்டவர் எல்லாரும் குற்றவாளி இல்லை. சோதனையிலும் பிழை வரலாம். பல நாடுகளின் நீதிமன்றங்களில் விவாதிக்கப்பட்ட சில விஷயங்கள் இவை.

முதலாவது, வாயில் தங்கிய சாராயம். வாய் கொப்பளிக்கும் மருந்து, சில இருமல் மருந்து, டொனிக் ஆகியவற்றில் சாராயம் உண்டு. குடித்த உடனே ஊதினால் கருவி கூடக் காட்டும். ஆனால் 15 நிமிடம் காத்திருந்தால் வாயில் உள்ளது போய்விடும். ஆகவே அப்படி ஏதும் குடித்திருந்தால் அந்த இடத்திலேயே சொல்லி, கொஞ்சம் பொறுத்து ஊதக் கேட்க வேண்டும். நீதிமன்றத்தில் போய் முதல் தடவையாகச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது, கருவியின் நிலை. மின்கருவியைக் காலத்துக்குக் காலம் சரிபார்க்க வேண்டும். குழாய்க்குக் காலாவதித் திகதி உண்டு. நிறம் மாறும் குழாய் துல்லியமான இலக்கம் தராது. இவற்றைப் பற்றிச் சட்டத்தரணி கேள்வி கேட்கலாம்.

மூன்றாவது, நோய். சீனி வியாதிக்காரருக்குச் சீனி மிகவும் குறைந்தால் தள்ளாடுவார், பேச்சுக் குழறும், கோபம் வரும். பார்க்கிறவர்கள் வெறி என்றே நினைப்பார்கள். சீனி மிகவும் கூடினாலும் சிலருக்கு மூச்சில் பழம் அழுகியது மாதிரி ஒரு மணம் வரும். இரண்டும் உயிருக்கு ஆபத்து. இவர்கள் கிளினிக் காட்டை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்ல வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் ஊத முடியாவிட்டால், "மாட்டேன்" என்று சொல்லாமல், "எனக்கு இழுப்பு, டொக்டரிடம் கொண்டுபோங்கள்" என்று சொல்ல வேண்டும்.

நான்காவது, ஓட்டியது யார் என்பது. நிறுத்திய வாகனத்துக்குப் பக்கத்தில் நின்றவரைப் பிடித்திருந்தால், அவர்தான் ஓட்டினார் என்று காட்ட வேண்டியது வழக்குத் தொடுப்பவரின் பொறுப்பு.

எடுபடாதவையும் உண்டு. "கொஞ்சம்தான் குடிச்சேன்", "எனக்கு ஏறாது", "மழைக்குக் குளிருக்குக் குடிச்சேன்" என்பவற்றை எந்த நீதவானும் ஏற்க மாட்டார். "விபத்துக்குப் பிறகு பயத்தில் குடிச்சேன்" என்பதும் பழைய வாதம். இரத்தத்தில் உள்ள அளவை வைத்து, விபத்து நேரத்தில் எவ்வளவு இருந்திருக்கும் என்று நிபுணர்கள் பின்னோக்கிக் கணக்குப் போடுவார்கள். பொய்ச் சாட்சி சொல்லக் கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு போவது அவனையும் மாட்டிவிடும் வேலை.

பிடிபட்டால் செய்ய வேண்டியவை

சண்டை பிடிக்க வேண்டாம், பணம் கொடுக்கவும் முயல வேண்டாம். அது வேறொரு குற்றமாகிவிடும். எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள், எத்தனை மணிக்கு ஊதினோம், யார் கூட இருந்தார்கள் என்பதை மறக்காமல் எழுதி வையுங்கள். வைத்தியர் சோதித்தால் மருந்து, நோய் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பொலிஸில் எழுதும் வாக்குமூலத்தில் விளங்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தமிழில் வாசித்துக் காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள்.

தவணைக்குப் போகாமல் விட வேண்டாம். போகாவிட்டால் பிடியாணை வரும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் விசாரிக்கலாம். கடிதம் எழுதவும் படிவம் நிரப்பவும் நாங்கள் உதவுகிறோம்.

வீட்டில் உள்ள தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. லைசன்ஸ் ஒரு வருடம் நின்றால் ஆட்டோ லீசிங் நிற்காது. மாதா மாதம் கட்ட வேண்டும். அந்தப் பணம் கடைசியில் உங்கள் கொழுந்துக் கூடையில் இருந்துதான் போகும், அடகுக் கடைக்குப் போகும் தோட்டில் இருந்துதான் போகும். ஆகவே சம்பள நாளன்று வண்டிச் சாவியை நீங்கள் வாங்கி வைத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. மறுநாள் விடியவும் அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம். ஒருநாள் ஓட்டம் இல்லாமல் போனால் பரவாயில்லை. பள்ளத்தில் உருண்ட வண்டிக்குள் பிள்ளைகள் இருந்தால், அதற்கு எந்தச் சட்டத்தரணியாலும் வாதாட முடியாது.