சிவப்புக் கம்பள ரயில்

ஒரு காலத்தில் மாலையானால் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலைய நடைமேடையில் சிவப்புக் கம்பளம் விரியும். அதில் நடந்துபோய் 'ட்வென்டியத் செஞ்சுரி லிமிடெட்' ரயிலில் ஏறியவர்கள் மறுநாள் சிகாகோவில் இறங்குவார்கள். திரை நட்சத்திரங்களும் பெருமுதலாளிகளும் விரும்பி ஏறிய ரயில் அது.

நியூயார்க் சென்ட்ரல் நிறுவனம் 1902 ஜூனில் இதைத் தொடங்கியது. போட்டியாளரான பென்சில்வேனியா ரயில்வே மலை ஏறி இறங்க வேண்டியிருந்தது. இதன் பாதையோ ஹட்சன் ஆற்றையும் ஈரி ஏரியையும் ஒட்டிய சமதளம். 'நிம்மதியாகத் தூங்கலாம்' என்பதே விளம்பரம். முடிதிருத்துபவரும், கடிதம் தட்டச்சு செய்து தரும் செயலரும் வண்டியிலேயே இருந்தார்கள்.

எல்லாவற்றையும்விட வியப்பூட்டுவது நேரத்தின் மீது அவர்கள் வைத்திருந்த மரியாதை. தண்ணீர் பிடிக்க நிற்பதுகூட வீண் என்று, தண்டவாளங்களுக்கு நடுவே நீளமான தொட்டிகள் அமைத்தார்கள். நீராவி எஞ்சின் ஓடிக்கொண்டே அகப்பையை இறக்கி நீரை அள்ளிக்கொள்ளும். ரயில் தாமதமானால், பயணிகளிடம் வாங்கிய கூடுதல் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்.

1928இல் இந்த ரயிலின் வருமானம் ஏறத்தாழ ஒரு கோடி டாலர். 1938இல் வடிவமைப்பாளர் ஹென்றி டிரைஃபஸ் எஞ்சின் முதல் சாப்பாட்டுத் தட்டு வரை புதிதாக வடிவமைத்துக் கொடுத்தார். தொடக்கத்தில் 20 மணி நேரமாக இருந்த பயணம் அப்போது 16 மணி நேரமானது. இன்று நியூயார்க்கையும் சிகாகோவையும் அதே வழியில் இணைக்கும், ஆம்ட்ராக் நிறுவனத்தின் லேக் ஷோர் லிமிடெட் ரயில் ஏறத்தாழ 20 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது!

ஹிட்ச்காக்கின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' திரைப்படம் 1959இல் இந்த ரயிலின் பகட்டை உலகுக்குக் காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டே, படுக்கை வசதி மட்டுமே கொண்டிருந்த வண்டியில் சாதாரண இருக்கைப் பெட்டிகளைச் சேர்த்துவிட்டார்கள். ஜெட் விமானம் சில மணி நேரத்தில் சிகாகோ போய்விடும்போது வசதியானவர்கள் ஏன் ஓர் இரவைச் செலவிடுவார்கள்? ஆனால் விமானத்தை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. நெடுஞ்சாலைகளும் விமான நிலையங்களும் அரசுப் பணத்தில் எழுந்தன. ரயில் நிறுவனங்களோ சொந்தத் தண்டவாளத்தைப் பராமரித்து, அதற்குச் சொத்து வரியும் கட்டின. 1967இல் அஞ்சல் துறையும் கடிதங்களை ரயிலிலிருந்து பெருமளவில் விலக்கிக்கொண்டது. பயணிகள் ரயில்களைத் தாங்கிப் பிடித்த வருமானம் அது.

அந்த ஆண்டு டிசம்பர் 2 மாலை கடைசி வண்டி பாதி காலியாகப் புறப்பட்டது. வழக்கம்போல் பெண்களுக்கு வாசனைத் திரவியமும் ஆண்களுக்குக் கார்னேஷன் மலரும் கொடுத்து வழியனுப்பினார்கள். ஒஹாயோவில் ஒரு சரக்கு ரயில் தடம்புரண்டு பாதையை மறித்திருந்ததால், அந்தக் கடைசி வண்டி சிகாகோ சேர்ந்தபோது 9 மணி 50 நிமிடம் தாமதம்.