கல் மாதிரி காற்றடித்தால் வேகம் வருமா?

கிளம்புவதற்கு முந்தைய நாள் சைக்கிள் கடைக்காரர் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு சார், நூறு கிலோமீட்டர் பறந்துடலாம்." மீட்டரில் 70 பவுண்டு. எனக்கும் சந்தேகம் வரவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து அப்படித்தானே காற்றடித்துப் பழக்கம்.

மறுநாள் விடியலில் செங்கல்பட்டிலிருந்து 14 பேர் புறப்பட்டோம். வேடந்தாங்கல், உத்திரமேரூர், மதுராந்தகம் என்று சுற்றித் திரும்பும் வழி. கூடுமானவரை தார்ச்சாலையைத் தொடாமல் ஏரிக்கரை, வண்டித்தடம், செம்மண் சரளை.

தார்ச்சாலையில் சைக்கிளுக்கு எதிரி காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றைத் தள்ளத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிவிடும். பந்தய வீரர்கள் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வது இதனால்தான். ஏரிக்கரையில் 15 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தந்திரத்துக்குப் பெரிய பலனில்லை. ஒட்டிக்கொண்டு போனால் வாய் நிறையப் புழுதிதான் மிச்சம். கல்லும் கடைசி நொடியில்தான் கண்ணில் படும். நாலு வண்டி நீளம் இடைவெளி விட்டே போனோம்.

மண் தடத்தில் சக்தியைத் தின்பது குலுக்கல். சரளைச் சாலையில் குறுக்கே வரிவரியாக அலை எழும்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கனத்த லாரிகளையும் அவற்றின் ஸ்பிரிங்கையும் பழி சொல்வது நம் வழக்கம். ஸ்டீபன் மோரிஸ் உள்ளிட்ட இயற்பியலாளர்கள் சுழலும் மணல் தட்டின் மீது ஒரு சிறு சக்கரத்தை உருட்டிப் பார்த்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்பிரிங்கே இல்லாத சக்கரமும் அதே அலைகளை எழுப்பியது. வேகம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் போதும். மிக மெதுவாக உருட்டினால் மணல் சமதளமாகவே கிடந்தது. எல்லோரும் மாட்டு வண்டி வேகத்தில் போனால் அலையே வராது, யார் போகப்போகிறார்கள்?

அந்த அலைகளின் மேல் கல் மாதிரி டயர் உருளும்போது ஒவ்வொரு மேட்டிலும் வண்டியோடு ஆளையும் தூக்கிப் போடுகிறது. தூக்குவதற்கான சக்தி முன்னோக்கிய வேகத்திலிருந்துதான் போகிறது. விழும்போது அது திரும்பி வருவதில்லை. தசையும் கொழுப்பும் அதிர, அது வெப்பமாகக் கரைகிறது. மென்மையான டயரோ கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு கடக்கிறது. உள்ளே அமுங்கிய காற்று, வாங்கிய சக்தியில் பெரும்பகுதியைத் திருப்பியும் கொடுத்துவிடுகிறது.

இது புதுச் செய்தியும் அல்ல. 1888இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர் ஜான் டன்லப் தன் மகனின் மூன்றுசக்கர வண்டிக்குக் காற்று டயர் மாட்டியது, பையன் குலுங்காமல் ஓட்டத்தான். மறு ஆண்டே சைக்கிள் வீரர் வில்லியம் ஹியூம் அந்த டயரோடு பந்தயங்களில் இறங்கி, கெட்டி ரப்பர் டயர்க்காரர்களை முந்தினார்.

இதையெல்லாம் யோசிக்காமல் 70 பவுண்டோடு வந்த எனக்கு 40ஆவது கிலோமீட்டரில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. உள்ளங்கையின் விளிம்பு வழியாக அந்த விரல்களுக்குப் போகும் நரம்பை ஹேண்டில்பார் இடித்துக்கொண்டே இருந்தால் இப்படி ஆகும். டீக்கடையில் வால்வை அமுக்கி 40 பவுண்டுக்கு இறக்கினேன். அடுத்த ஏரிக்கரையில் அதே மிதிக்கு வண்டி தானாக ஓடுவது போலிருந்தது.

பக்கத்திலிருந்த தம்பி அதைப் பார்த்து உற்சாகமாகித் தன் டயரை 20க்கு இறக்கிவிட்டான். மதுராந்தகத்துக்கு முன்னால் ஒரு கல். ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை. டியூப் ஒருவர் கொடுத்தார், பம்ப் இன்னொருவர். கழற்றிய டயருக்குள் விரலை விட்டுத் தடவியபோது போனஸாக ஒரு கருவேல முள்ளும் கிடைத்தது.

"எத்தனை பவுண்டு அடிக்கட்டும்ணா?" என்று கேட்டான். சுற்றி நின்ற 13 பேரும் ஆளுக்கொரு எண்ணைச் சொன்னோம்.