பச்சை பெயிண்டுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

"ஏங்க, விறகுக்கா வாங்கினீங்க?"

பொன்னமராவதியில் இடித்துக் கொண்டிருந்த ஒரு பழைய வீட்டு வாசலிலிருந்து, டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் கயிறு போட்டுக் கட்டி நான் கொண்டு வந்த சாமானைப் பார்த்து என் மனைவி கேட்ட கேள்வி. நியாயமான கேள்விதான். ஒரு கால் இல்லை. மூடி பிளந்திருந்தது. மேலே முழுக்கப் பச்சை எனாமல் பெயிண்ட்!

அது கணக்குப்பிள்ளை மேஜை சார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதுகிற சாய்வு மேஜை. மூடியைத் தூக்கினால் உள்ளே பேரேடு வைக்க இடம். விலை 300 ரூபாய். பி.காம். படித்தவன் தேய்மானம் கழித்துப் பார்த்தால், விற்றவர்தான் எனக்குப் பாக்கி தர வேண்டும். ஆனால் என் அப்பா முப்பது வருஷம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியது இதே மாதிரி மேஜையில்தான். கடையை மூடியபோது யாரோ தூக்கிப் போய்விட்டார்கள். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் எனக்கு உறுத்தல்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் பர்மா தேக்கு. நகரத்தார் அங்கே லேவாதேவி நடத்திய நாளில் கப்பலில் வந்த மரம். 1930-களின் பொருளாதார மந்தம், 1942-ல் ஜப்பான் படையெடுப்பு என்று அடி மேல் அடி விழுந்து தொழில் படுத்தது. பிறகு பாகம் பிரிந்து, வாரிசுகள் வெளியூர் போய், தூணும் நிலையும் பெட்டியும் விலைக்கு வந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அவையெல்லாம் பளபளவென்று நிற்கும். விலை கேட்டால் நமக்குத்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகவே சுயமுயற்சி!

ஞாயிற்றுக்கிழமை காலை உப்புத்தாளோடு களத்தில் இறங்கினேன். பத்து நிமிஷத்தில் மீசை உள்பட எல்லாம் பச்சை. அந்த வழியாக வந்த ஆசாரி அலறினார்.

"தம்பி, பழைய பெயிண்ட்டை இப்படியா சுரண்டுவாங்க? சின்னப் புள்ளை இருக்கிற வீடு!"

அவர் சொன்னது வேடிக்கையில்லை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். பையனை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மூக்கை மூடிக்கொண்டு, பெயிண்ட் ரிமூவர் தடவி, ஈரத்தோடு வழித்தெடுத்தேன். கழிவைக் காகிதத்தில் பொட்டலம் கட்டினேன். வாசலில் கூட்டித் தள்ளவில்லை.

மூன்றாம் ஞாயிறு தேக்கு முகம் காட்டியது. கூடவே வலது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மைக்கறை. விடுவேனா? உப்புத்தாளை எடுத்தேன்.

"அதை விடுடா" என்றார் அப்பா. எப்போது வந்து பின்னால் நின்றாரோ! "மைக்கூடு வைக்கிற இடம். எனக்கும் அங்கேதான் கொட்டும்."

விட்டுவிட்டேன். ஆசாரி பழைய தேக்குத் துண்டில் கால் செதுக்கி, மூங்கில் ஆணி அடித்துக் கொடுத்தார். பாலிஷ் என் பொறுப்பு. அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊற வைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து மெல்லிசாக இழுக்க வேண்டும். பக்கத்தில் அடுப்பு கூடாது. ஸ்பிரிட் குப்பென்று பிடிக்கும். நானோ ஐப்பசி அடைமழையில் ஆரம்பித்த மேதாவி. விடிந்து பார்த்தால் மேஜைக்கு வெண்குஷ்டம்! காற்றில் இருந்த ஈரம் பாலிஷுக்குள் மாட்டிக்கொண்டதாம். நல்ல வெயில் நாளில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்ததும் தெளிந்தது.

எல்லாம் முடிந்து, மொத்தச் செலவு 2,140 ரூபாய். அப்பாவைக் கூப்பிட்டு கூடத்தில் வைத்தேன். தடவிப் பார்த்தார். உட்காரவில்லை.

"முட்டி மடங்காதேடா."

இரண்டு மாசம் மரத்தைப் பார்த்தவன், அவர் காலைப் பார்க்கவில்லை.

உயரமான கால் வைத்துவிடலாமா என்றேன். ஆசாரி முறைத்தார். கடைசியில் வழி சொன்னது என் மனைவிதான். மேஜையைக் கட்டிலில் ஏற்றி ஓர் ஓரமாக வைத்தாள். அப்பா பக்கத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, ஒரு பக்கமாகத் திரும்பி எழுதுகிறார். என்ன எழுதுகிறார்? பால் கணக்கு, கேஸ் கணக்கு, பேரன் வாங்கித் தின்ற மிட்டாய்க் கணக்கு.

நேற்று நைஸாக மூடியைத் தூக்கிப் பார்த்தேன். என் பெயருக்குத் தனிப் பக்கம் போட்டிருக்கிறார். பற்று: 2,140.