பூங்காவுக்கு எத்தனை நிமிடம்?

இரவு உணவு முடிந்ததும் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? பெரும்பாலான வீடுகளில் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் அமர்ந்துவிடுகிறோம், அல்லது கைப்பேசியுடன் சாய்ந்துவிடுகிறோம். சாப்பிட்ட சோறோ சப்பாத்தியோ குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் ஏறுவது அந்த நேரத்தில்தான்.

2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ரத்தத்தில் சர்க்கரை கூடும் அபாயத்தில் இருந்த மூத்தோர் 10 பேரைக் கூர்ந்து கவனித்தார்கள். ஒரு முறை அவர்களைத் தொடர்ந்து 45 நிமிடம் நடக்க வைத்தார்கள். இன்னொரு முறை, மூன்று வேளை உணவுக்குப் பிறகும் 15 நிமிடம் நடக்க வைத்தார்கள். இரண்டுமே நாள் முழுவதற்குமான சர்க்கரை அளவைக் குறைத்தன. ஆனால், இரவு உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையைத் தெளிவாகக் கட்டுப்படுத்தியது அந்த 15 நிமிட நடைதான். சிறிய ஆய்வுதான் என்றாலும் உடலின் இயக்கத்தோடு நன்றாகப் பொருந்தும் முடிவு இது.

தசைக்கு இரண்டு கதவுகள்

ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் தசைக்குள் நுழைய வேண்டுமானால், ‘குளுட்-4’ எனும் புரதம் உயிரணுவின் மேற்பரப்புக்கு வந்து வழிவிட வேண்டும். வழக்கமாக இதற்கு உத்தரவிடுவது இன்சுலின். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் உடலில் இன்சுலின் சொல்வதைத் தசைகள் சரியாகக் கேட்பதில்லை.

தசை சுருங்கி விரியும்போது நடப்பது வேறு. இன்சுலினுக்குக் காத்திராமலேயே குளுட்-4 மேலே வந்துவிடுகிறது. முன்கதவு மக்கர் செய்தாலும் பின்கதவு திறந்துகொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடலின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருப்பதால்தான், நடப்பதும் சைக்கிள் மிதிப்பதும் சர்க்கரையைச் செலவழிக்கச் சிறந்த வழிகளாகின்றன.

சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு, தேசிய சராசரியைவிட அதிகம். 2016ல் அரசாங்கம் ‘நீரிழிவுக்கு எதிரான போர்’ என்றே அறிவித்தது. நம்மில் அம்மாவோ அப்பாவோ மாமாவோ மாத்திரைப் பெட்டியுடன் இல்லாத குடும்பம் குறைவு. “தினமும் நடங்க” என்று மருத்துவர் சொல்லாத நாளும் இல்லை. பிறகு ஏன் நடப்பதில்லை?

சோம்பல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால், வீட்டை விட்டு இறங்கியதும் நடப்பதற்கு இடம் இருக்கிறதா என்பதும் அதே அளவு முக்கியம் என்கின்றன ஆய்வுகள்.

லண்டன் பேருந்து சொன்ன பாடம்

உடல் உழைப்பு இதயத்தைக் காக்கிறது என்பதற்கு முதல் வலுவான சான்று, 1953ல் லண்டனின் ஈரடுக்குப் பேருந்துகளிலிருந்து வந்தது. ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டு கொடுக்க நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குவார். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒப்பிட்டபோது, நடத்துநர்களிடையே இதய நோய் குறைவாக இருந்தது.

நடத்துநர் யாரும் உடற்பயிற்சி செய்யவில்லை. அவர்கள் வேலை செய்த இடமே அவர்களை நடக்க வைத்தது.

அறிவியல் அத்துடன் திருப்தி அடைந்துவிடாது. பின்னர் மோரிஸ் இருதரப்பினரின் சீருடை அளவுகளையும் எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே சற்றுப் பருமனாக இருந்தது தெரிந்தது. வேறுபாடு முழுவதும் படிகளால் வந்ததல்ல என்பதை அவரே எடுத்துக்காட்டினார்.

பூங்காக்களைப் பற்றியும் இதே ஐயம் எழும். பசுமையான பேட்டைகளில் வசிப்போர் நலமாக இருக்கிறார்கள் என்றால், அதற்கு மரங்கள் காரணமா, அவர்களுடைய வசதியான வாழ்க்கை காரணமா? இதைத் தீர்க்க இரண்டு ஆய்வுகள் உதவுகின்றன.

முதலாவது, பிரிட்டனில் நடந்தது. கார்டிஃப், கெனில்வர்த், சவுத்ஹேம்ப்டன் ஆகிய மூன்று இடங்களில் நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் புதிய பாதைகள் அமைக்கப்பட்டன. பாதை வருவதற்கு முன்னும் பின்னும் அங்கு வசித்தவர்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து, 2014ல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதல் ஆண்டில் பெரிய மாற்றம் இல்லை. இரண்டாம் ஆண்டில் மாற்றம் தெரிந்தது. பாதைக்கு ஒரு கிலோமீட்டர் நெருக்கமாக வசித்தவர்கள், தள்ளி வசித்தவர்களைவிட வாரத்துக்குச் சுமார் 15 நிமிடம் கூடுதலாக நடந்தார்கள் அல்லது சைக்கிளோட்டினார்கள். கார் இல்லாதவர்களிடையே பலன் இன்னும் அதிகம். வாரத்துக்குக் கால் மணி நேரம் என்பது ஒருவருக்குச் சிறிது. ஒரு நகரத்துக்கே கூட்டிப் பார்த்தால் பெரிது.

இரண்டாவது, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் நடந்தது. குப்பை மண்டிக் கிடந்த 541 காலி மனைகளை ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் குப்பையை அகற்றிப் புல் விதைத்து, சில மரங்களையும் நட்டு, தாழ்வான மரவேலி அமைத்தார்கள். இன்னொன்றில் குப்பையை மட்டும் அகற்றினார்கள். மூன்றாவதை அப்படியே விட்டார்கள். 2018ல் வெளியான முடிவின்படி, பசுமையாக்கப்பட்ட மனைகளுக்கு அருகில் வசித்தவர்களில் மனச்சோர்வாக உணர்வதாகச் சொன்னோர், எதுவும் செய்யப்படாத இடங்களோடு ஒப்பிடுகையில், சுமார் 41 விழுக்காடு குறைந்தார்கள். குப்பையை மட்டும் அகற்றிய இடங்களில் அத்தகைய மாற்றம் தென்படவில்லை.

அங்கே யாரும் பெரிய பூங்கா கட்டவில்லை. மக்கள் அன்றாடம் கடந்துபோகும் வழியில் புல்லும் சில மரங்களும் இருந்தன, அவ்வளவுதான்.

கால்வாய் ஓரத்தில் கிடைத்த நிலம்

இப்போது நம் ஊருக்கு வருவோம். நிலம் இவ்வளவு குறைவாக உள்ள சிங்கப்பூரில் ஒவ்வொரு வீட்டின் அருகிலும் பூங்கா அமைப்பது எப்படி? 1990களின் தொடக்கத்தில் திட்டமிடுவோர் கண்ட விடை எளிமையானது. கால்வாய் ஓரங்களிலும் சாலையோரங்களிலும் கட்டடம் கட்ட முடியாத நீண்ட, ஒடுங்கிய நிலத்துண்டுகள் கிடந்தன. அவற்றில் மரம் நட்டு, பாதை போட்டு, ஒரு பூங்காவை இன்னொரு பூங்காவுடன் இணைத்தார்கள். அவையே பூங்கா இணைப்புப் பாதைகள். முதலில் அமைந்தவற்றில் ஒன்று காலாங் ஆற்றை ஒட்டிச் செல்கிறது. இன்று இந்தக் கட்டமைப்பு தீவு முழுவதும் 300 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது.

பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் அந்தக் கால்வாயே மாறிவிட்டது. நேராக ஓடிய 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றினார்கள். 2012ல் பணி முடிந்தது. மழை இல்லாத நாளில் பிள்ளைகள் தண்ணீர் அருகே இறங்கி விளையாடலாம். கனமழையின்போது ஆறு புல்வெளியில் பரவி ஓட இடம் இருக்கிறது. வெள்ளத்தைத் தாங்கும் நிலமே மாலையில் நடைப்பயிற்சிக்கான இடமாகவும் பயன்படுகிறது.

ரயில் பசுமைப் பாதையும் அப்படித்தான். 2011ல் தஞ்சோங் பகாருக்கு மலாயன் ரயில் வருவது நின்றதும், தீவின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் 24 கிலோமீட்டர் நிலம் நமக்குக் கிடைத்தது.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 10 நிமிட நடைத் தொலைவுக்குள் ஒரு பூங்கா இருக்க வேண்டும் என்பது 2030ஆம் ஆண்டுக்கான இலக்கு. 2020ல் சுமார் 460 கிலோமீட்டராக இருந்த சைக்கிளோட்டப் பாதைகளை, 2030க்குள் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டராக உயர்த்தவும் திட்டம் உள்ளது. பிரிட்டன் ஆய்வில் பார்த்ததுபோல, எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

நிழல் இல்லாவிட்டால் பாதை எதற்கு?

நம் வெயிலில் இன்னொரு கேள்வியும் உண்டு. மரம் நிழலை மட்டும் தருவதில்லை. இலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. சிங்கப்பூரில் நடந்த ஓர் ஆய்வில், மரங்கள் நிறைந்த பகுதிக்கும் நகர மையத்துக்கும் இடையே இரவு நேரத்தில் 4 டிகிரி செல்சியஸ் வரை வேறுபாடு காணப்பட்டது. நிழலற்ற பாதையைப் பிற்பகல் மூன்று மணிக்கு யாரும் தேடிப் போவதில்லை. எனவே, பாதை எத்தனை கிலோமீட்டர் என்பதோடு அதில் எவ்வளவு தூரம் மரநிழல் இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சைக்கிள் சொல்லும் கணக்கு

2017ல் பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோரின் தகவல்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு, சைக்கிளில் வேலைக்குச் செல்வோரிடையே அகால மரண அபாயம் 41 விழுக்காடு குறைவாக இருந்ததைக் கண்டது. சைக்கிளோட்டுவோர் ஏற்கெனவே திடமானவர்களாக இருந்திருக்கலாம் என்பதால், முழுப் பெருமையையும் சைக்கிளுக்கே கொடுத்துவிட முடியாது. ஆயினும் மூட்டுவலி உள்ளவர்களுக்கு அது ஒரு வரம். உடல் எடையை இருக்கை தாங்கிக்கொள்ள, தொடைத் தசைகள் மட்டும் வேலை செய்கின்றன.

ஆனால், ஒருவரின் சைக்கிள் இன்னொருவரின் அச்சமாகிவிடக் கூடாது. பின்னாலிருந்து வேகமாக வந்த சைக்கிளால் ஒரு முறை பயந்துபோன பாட்டி, மறுநாள் கீழே இறங்கமாட்டார். அவருக்கு அந்தப் பாதை இருந்தும் இல்லாததுபோல்தான். சைக்கிளோட்டப் பாதைகளில் மணிக்கு 25 கிலோமீட்டர், சைக்கிளோட்ட அனுமதியுள்ள நடைபாதைகளில் 10 கிலோமீட்டர் என வேக வரம்பு இருப்பது இதற்காகத்தான். மூத்தோரைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, முன்கூட்டியே மெதுவாக மணியடியுங்கள்.

இன்றிரவு என்ன செய்யலாம்?

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு. இரவு உணவுக்குப் பின் தினமும் 15 நிமிடம் நடந்தாலே வாரத்துக்கு 105 நிமிடம் சேர்ந்துவிடும். மீதியை ஈரச்சந்தைக்குப் போகும் வழியிலும், ஒரு பேருந்து நிறுத்தம் முன்னதாக இறங்கியும் ஈடுகட்டலாம்.

நீரிழிவு உள்ளவர்கள் செருப்பைத் தவிர்த்து, பாதத்தை முழுவதும் மூடும் காலணி அணிவது நல்லது. வீடு திரும்பியதும் பாதத்தில் காயம் உண்டா என்று பாருங்கள். இன்சுலின் போடுவோரும் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்போரும் நடை நேரத்தை மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக் கூடாது.

நடக்கப் பிடிக்காதவர்கள் புளோக் அருகே உள்ள சமூகத் தோட்டத்தை எட்டிப் பாருங்கள். குனிந்து களை எடுப்பதும், வாளியில் தண்ணீர் சுமப்பதும், கறிவேப்பிலை பறித்துப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுப்பதும் உடலுக்கும் மனத்துக்கும் நல்லவை. தொட்டிகளின் அடித்தட்டில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரமே போதும்.

இன்றிரவு சாப்பிட்டு முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். அப்பாவையோ அம்மாவையோ அழைத்துக்கொண்டு மின்தூக்கியில் கீழே இறங்குங்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மிக அருகில் உள்ள பூங்காவுக்கோ இணைப்புப் பாதைக்கோ அவர்களின் வேகத்திலேயே நடந்து போங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது? ஏழெட்டு நிமிடம் என்றால், போய்த் திரும்புவதற்குள் உங்கள் 15 நிமிடம் முடிந்துவிட்டிருக்கும்.