நாணும் நாரும்

பந்தாடும் மாணவன் ஓட்டத்தின் நடுவே சட்டெனத் திரும்புகையில் முழங்காலுள் ஏதோ அறுந்தாற்போல் உணர்ந்து விழுவதுண்டு. டுரியான் துங்கால் வட்டாரத் திடல்களுக்கும் இது புதிதன்று. "தசைநார் அறுந்துவிட்டது, அதே காலிலிருந்து வேறொரு தசைநாரை எடுத்து வைக்க வேண்டும்" என்றால் பெற்றோர் கலங்குவர். நல்ல நாரை ஏன் அறுக்க வேண்டும் என்பது அவர்தம் வினா. அறுந்தது ஒன்று, எடுப்பது வேறொன்று. இரண்டையும் ஒரே சொல்லால் வழங்குவதே குழப்பத்தை வளர்க்கிறது.

தசையை எலும்போடு இணைப்பது தசைநாண். எலும்பை எலும்போடு பிணைப்பதை ஈண்டுப் பிணைநார் என்போம். முன்னது கிணற்று வாளியை இழுக்கும் கயிறு போன்றது. பின்னது பந்தற்கால்களை அசையாது கட்டிய கயிறு போன்றது.

முழங்காலுள் சிலுவைபோல் குறுக்கிட்டு நிற்கும் இரு பிணைநார்களுள் முன்னதே மிகுதியும் அறுவது. இளையோரிடத்தில் அதை அறுக்க ஏறத்தாழ 2160 நியூட்டன், அதாவது 220 கிலோ எடைக்கு நிகரான விசை வேண்டும் என்று 1991-இல் அளந்துள்ளனர். மூட்டுநீரில் தோய்ந்து நிற்பதால் அறுந்த முனைகள் பெரும்பாலும் தாமே கூடுவதில்லை. ஆதலின் மாற்று நார் தேவையாகிறது.

நாணுக்கும் நாருக்கும் மூலப்பொருள் கொலாஜன் என்னும் புரத இழையே. ஆயினும் அமைப்பு வேறு. 1984-இல் அமெரிக்க ஆய்வாளர் அமியெல் குழுவினர் முயல்களின் நாண்களையும் நார்களையும் ஒப்பிட்டனர். பிணைநாரில் மொத்தக் கொலாஜன் குறைவு. மூன்றாம் வகைக் கொலாஜனும் உயிரணுக்களின் செயலும் மிகுதி எனக் கண்டனர்.

அங்ஙனமாயின் நாண் எவ்வாறு நாரின் வேலையைச் செய்யும்? இதற்கு 1986-இல் அக்குழுவினரே விடை கண்டனர். முழங்காற்சில்லின் நாணைப் பிணைநாரின் இடத்தில் வைத்தபோது, முன்பு அதில் காணப்படாத மூன்றாம் வகைக் கொலாஜன் 30 வாரங்களில் 10 விழுக்காடாயிற்று. இயல்பான பிணைநாரின் அளவும் அதுவே. இடத்திற்கும் தொழிலுக்கும் ஏற்ப நாண் நாராக மாறியது.

எனினும், எடுத்த இடம் சிறிது வலுவிழக்கும். அவ்விழப்பைத் தவிர்க்கவே நாரைப் புதிதாக வளர்க்க முயல்கின்றனர். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கோ முதலியோர் பட்டிழைக் கயிற்றின்மீது குருத்தணுக்கள் ஏற்றிய பட்டுவலையைச் சுற்றிப் பன்றிகளின் முழங்காலில் வைத்தனர். 24 வாரங்களில் அங்கே நார்த்திசு வளர்ந்ததை 2009-இல் வெளியிட்டனர். மனிதர்க்கு அது இன்னும் வழக்கமான மருத்துவமாகவில்லை.

ஆசிரியர் கருத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. வைத்த நாணின் பழைய உயிரணுக்கள் முதலில் மடிகின்றன. புதியவை பின்னரே குடியேறுகின்றன. அவ்விடைக்காலத்தில் வலி தீர்ந்திருக்கும், வலிமையோ வந்திராது. குறைந்தது 9 மாதமாவது ஆட்டத்திற்குத் திரும்பாதிருத்தல் நன்று. போட்டி நெருங்குகிறது என்பதற்காக மாணவனைத் திடலுக்கு அழைத்தால், நாராகி முடியாத நாணையே அறுத்தவராவோம்.